குடுவையில் சிவந்த மஞ்சள்

கிருமிகளைப் படிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் நான் மருத்துவ ஆய்வுகூடப் படிப்பில் சேர்ந்தேன். சேர்ந்து மூன்று மாதமாகியும் ஒரு கிருமியைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மாடியில் மாலை வகுப்பு. காலி வீதியில் பஸ் போகிற சத்தத்துக்கு மேலால் கத்திக்கொண்டு, எங்கள் சேர் கரும்பலகை முழுக்க ஐதரசனும் ஒட்சிசனும் எழுதினார். நீர் மூலக்கூறு ஏன் வளைந்திருக்கிறது, உப்பு ஏன் அதில் கரைகிறது, எண்ணெய் ஏன் கரையவில்லை. இதுவே பாட்டு. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் எழும்பிக் கேட்டேவிட்டேன்.

“சேர், கிருமி எப்ப வரும்?”

“பிள்ளை, கிருமியெண்டா என்ன? தண்ணி நிரம்பின ஒரு சின்னப் பை. அந்தப் பைக்குள்ள நடக்கிறதெல்லாம் இரசாயனம். தண்ணி விளங்காட்டி உமக்குக் கிருமியும் விளங்காது” என்றார் அவர்.

வகுப்பே சிரித்தது. நான் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு பீஎச் வந்தது. ஏழு என்றால் நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம், ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். அமிலம் புளிக்கும், காரம் விரலில் வழுக்கும், நோய்க்கிருமிகளில் அநேகம் ஏழுக்குக் கிட்டத்தான் சுகமாக இருக்கும். எல்லாவற்றையும் பாடமாக்கி, சோதனைத் தாளில் கக்கி, நல்ல புள்ளியும் எடுத்து, அடுத்த நாளே மறந்து போனேன்.

அது யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெட்டைகள் நாலு பேர், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் ஒரு அனெக்சில் இருந்தோம். ஒரு அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. வீட்டுக்கார அன்ரி மற்ற எல்லாவற்றிலும் நல்ல மனுசி. யாழ்ப்பாணத்தார் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்கு அவவே கூட வந்து கையெழுத்துப் போட்டா. தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவ வேறு ஆள். நாங்கள் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று வாளி எண்ணுவா. மூன்றாவது வாளிக்குப் பைப் திறக்கிற சத்தம் கேட்டால், “பிள்ளையள், கடலுக்கோ வார்க்கிறியள்?” என்று குரல் வரும்.

கிணற்றில் கப்பி கதறக் கதற அள்ளி ஊற்றிக் குளித்த எங்களுக்கு, இரண்டு வாளியில் குளித்து, உடுப்பும் தோய்த்து, மிஞ்சியதில் நிலமும் கழுவுகிற வித்தை கைவந்தது அப்படித்தான். நாலு பேருடைய கோப்பை, சட்டி, தேநீர்க் குவளை எல்லாவற்றையும் ஒரே பேசின் தண்ணீரில் அலசி எடுப்பேன். சத்தியமாக எனக்கு அதில் ஒரு பெருமை. ஊருக்குக் கடிதம் எழுதும்போதுகூட அதை எழுதியிருக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. மரப்படி ஏறிப் போனால் முன்னால் கவுண்டர், பின்னால் மூன்று அறைகள். அங்கே வேலை செய்தது மூன்றே பேர். நோயியல் படித்த டொக்டர், அவவும் எங்கள் ஊர்ப்பக்கம்தான், கழுவுகிற, துடைக்கிற, தேநீர் போடுகிற அக்கா, அவர் ஹற்றன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியிருந்தவர், பிறகு நான். முதலில் நான் கவுண்டரில் சிறுநீரில் சீனி பார்த்தேன், லேபல் ஒட்டினேன், நாள் முழுக்கக் கொட்டாவி விட்டேன்.

ஒருநாள் டொக்டர் கடைசி அறையைத் திறந்து காட்டினா. உள்ளே புதிய அடைகாப்புப் பெட்டி, ஆவியில் அவித்துக் கிருமி கொல்கிற ஒட்டோகிளேவ், அலமாரி நிறையக் கண்ணாடிக் குடுவைகள்.

“கிருமி வளக்கிற அறை. மூண்டு மாதம் உம்மட்ட விடுறன். சரி வந்தால் அறை உம்முடையது. சரி வராட்டி, வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிற எக்ஸ்ரேக்காரருக்குக் குடுத்துப்போடுவன், நீர் திரும்பக் கவுண்டருக்கு” என்றா.

அன்றைக்கு பஸ்சில் நான் தனியே சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த மனுசி எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டா. அந்த அறை எனக்கு வேண்டும். அதுவரை வாழ்க்கையில் நான் எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. லண்டன் மாப்பிள்ளையின் படம் வந்தபோதுகூட இப்படி நெஞ்சு அடிக்கவில்லை.

வேலை சொல்லப்போனால் சமையல்தான். டின்னில் வருகிற ஊட்டத் தூளை, காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, குடுவையில் ஊற்றி, ஒட்டோகிளேவில் வேகவைத்து, சூடு ஆற முதல் கண்ணாடிக் கிண்ணங்களில் வார்க்க வேண்டும். தூளில் ஏகார் இருக்கும். நோன்பு காலத்தில் முஸ்லிம் வீடுகளில் கடற்பாசி என்று பாலும் சீனியும் போட்டு இறுக வைத்துத் தருவார்களே, அதே பொருள். கிண்ணத்தில் இறுகியதும் நோயாளியின் சிறுநீரில் ஒரு துளியை அதில் கீறி, முப்பத்தேழு பாகையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அடுத்த நாள் காலையில் கிண்ணத்தில் ரோசா நிறத்தில் பொட்டுப் பொட்டாக வளர்ந்திருக்கும். முதன்முதல் அதைக் கண்டபோது, நான் அக்காவைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். “வடிவா இருக்கு, என்ன?” என்றேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு நான் என் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

கிண்ணங்களையும் குடுவைகளையும் சலவைச் சோடாத் தண்ணீரில் கொதிக்கவைத்து, தூரிகையால் தேய்த்து, பிறகு அலசுவது வழக்கம். அதை அக்கா செய்தார். பைப்பைத் திறந்து விட்டு, ஒவ்வொன்றையும் ஓடுகிற தண்ணீரில் பிடித்து, நிரப்பி ஊற்றி, நிரப்பி ஊற்றி, நாலைந்து தரம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. என் காதுக்குள் வீட்டுக்கார அன்ரியின் குரல் கேட்டது.

“அக்கா, இதென்ன, களனி கங்கையோ ஓடுது? ஒரு பெரிய பேசின் எடுங்கோ. தண்ணி நிரப்பி எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டு ஒருக்கா அலசினாக் காணும்.”

“டாக்டரம்மா அப்படிச் சொல்லலியே மிஸ்.”

“நான் சொல்லுறன். எனக்குக் கழுவத் தெரியாதோ?”

அவர் இரண்டு நாள் என் முறைப்படி கழுவினார். மூன்றாம் நாள் ஒரு குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்து, “மிஸ், தொட்டுப் பாருங்க, வழுவழுன்னு இருக்கு” என்றார்.

“கண்ணாடியெண்டா வழுக்கும்தான். விட்டிட்டுப் போங்கோ” என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போட வேண்டும் போலிருக்கும்.

அந்தக் கிழமையே கிண்ணங்கள் வெறுமையாக வரத் தொடங்கின. முதலில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆட்களுக்குக் கிருமி இல்லையாக்கும் என்று நினைத்து, ‘வளர்ச்சி இல்லை’ என்று அழகான கையெழுத்தில் அறிக்கை எழுதினேன். மறுகிழமையும் வளர்ச்சி இல்லை. மூன்றாம் கிழமை டொக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

“கொட்டாஞ்சேனை முழுக்க ஒருத்தருக்கும் கிருமி இல்லையோ? சனம் சலக்கடுப்பில துடிக்குது, நீர் ஒண்டுமில்லை எண்டு எழுதுறீர். எங்கையாவது தெரிஞ்ச கிருமி ஒண்டைக் கொண்டு வந்து போட்டுப் பாரும்.”

மருதானையில் இன்னோர் ஆய்வுகூடத்தில் என்னோடு படித்தவள் வேலை செய்தாள். அவளிடம் போய், நன்றாக வளரும் என்று அவள் சத்தியம் செய்த ஒரு கிருமியைச் சோதனைக்குழாயில் வாங்கி, பஞ்சு அடைத்து, கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். வழியில் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் பெண் சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னாள். குழாய் வெளியே வந்தது.

“மேக மொகத?” இது என்ன என்று கேட்டாள்.

கிருமிக்குச் சிங்களத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே சொல். “விஷபீஜ, மிஸ். லெப் எக்கட்ட.” ஆய்வுகூடத்துக்கு என்றேன்.

அவள் குழாயை இரண்டு விரலால் பிடித்தபடி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அதைத் திரும்பப் பைக்குள் இறக்கிவிட்டு, கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு “யன்ன, யன்ன”, போ, போ என்றாள். எனக்குப் பின்னால் நின்ற வரிசையும் இரண்டு அடி விலகி வழி விட்டது. அந்தப் பாதையில் அவ்வளவு மரியாதையாக நான் அதற்கு முதல் நடந்ததில்லை.

ஆனால் அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த கிருமியும் என் கிண்ணத்தில் வளரவில்லை. இப்போது மறைக்க இடமில்லை. பிழை நோயாளிகளில் இல்லை, அறையில். டொக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னா. “சரஸ்வதி பூசை கழிஞ்சு வாற திங்கக்கிழமை வரைக்கும் பாப்பன். பிறகு எக்ஸ்ரேக்காரருக்கு ஓம் சொல்லப் போறன்.”

நான் தூள் டின்னின் திகதியைப் பார்த்தேன். அடைகாப்புப் பெட்டியின் வெப்பமானியை மாற்றினேன். ஒட்டோகிளேவின் ரப்பர் வளையத்தை மாற்றினேன். பீஎச் பார்க்கிற கடுதாசி முடிந்து கனகாலம். ஓடர் கொடுத்தும் வரவில்லை. எல்லாவற்றையும் சந்தேகித்தேன். கழுவுகிற முறையை மட்டும் சந்தேகிக்கவில்லை. அதை மாற்றியது நானல்லவா, அது எப்படிப் பிழையாகும்!

வியாழக்கிழமை சரஸ்வதி பூசை. ஆய்வுகூடத்திலும் செய்தோம். நுணுக்குக்காட்டிக்குச் சந்தனம், ஒட்டோகிளேவுக்குக் குங்குமம், அவலும் கடலையும் டொக்டர் வீட்டிலிருந்து வந்தன. அக்கா ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, மாவிலையால் ஒவ்வோர் அறையாகத் தெளித்துக்கொண்டு வந்தார். கவுண்டரில் தெளித்தார், கதிரையில் தெளித்தார், என் அறைக்குள்ளும் வந்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த குடுவைகள் மேலும் தாராளமாகத் தெளித்துவிட்டார்.

எனக்கு உச்சியில் ஏறியது. “அக்கா, உங்களுக்கென்ன விசரோ? கழுவின சாமான். இப்ப எல்லாத்தையும் திரும்பக் கழுவ வேணும்.”

அவர் குனிந்து ஒரு குடுவையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் தோளில் விழுந்த துளி, மஞ்சளாக இல்லை. செக்கச்செவேல் என்று, கோடு போட்டுக்கொண்டு கீழே இறங்கியது. பக்கத்துக் குடுவையிலும் அப்படியே. மேசையில் விழுந்த துளிகள் மட்டும் மஞ்சளாகவே கிடந்தன.

“ஆலாத்தித் தண்ணி மாதிரியில்ல ஆகுது” என்றார் அக்கா. “மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டாத்தான் இப்படிச் செவக்கும். இதுல யாரு மிஸ் சுண்ணாம்பு போட்டது?”

கல்யாண வீடுகளில் எத்தனை தரம் ஆலாத்தித் தட்டைப் பார்த்திருப்பேன்! அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. சுண்ணாம்பு காரம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். குடுவையில் சுண்ணாம்பு இல்லை, ஆனால் சோடா இருக்கிறது. சோடாவும் காரம். நான் குடுவையைத் தொட்டு விரலைத் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுவென்றிருந்தது.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மறந்து போனேன் என்று நினைத்த வகுப்பு முழுவதும் மண்டைக்குள் திரும்பி வந்தது. ஒரே பேசின் தண்ணீரில் அத்தனை கிண்ணங்களையும் அலசினால், சோடா போகாது. எல்லாக் கிண்ணத்துக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கப்படும். ஊட்டத் தூளில் பீஎச்சைக் காக்கத் தாங்கற் பொருள் சேர்த்திருப்பார்கள்தான். வீட்டுச் சண்டையில் இரண்டு பக்கத்தையும் சமாளிக்கிற பெரியம்மாவைப் போல அது கொஞ்சத்துக்குத் தாங்கும், அளவு மிஞ்சினால் அதுவும் கையை விரித்துவிடும். பீஎச் ஒன்று ஏறினாலே பத்து மடங்கு. கிருமியின் உயிர் அதன் நொதியங்களில் இருக்கிறது. நொதியம் என்றால் அளவாக மடித்து வைத்த புரதம், அந்த மடிப்பைப் பிடித்திருப்பவை மெல்லிய ஐதரசன் பிணைப்புகள். காரம் அந்த ஐதரசன்களைப் பிடுங்கினால் மடிப்புக் குலையும். பிறகு எந்தக் கிருமி சாப்பிடும், எந்தக் கிருமி பெருகும்? அவ்வளவு நாளும் நான் கிருமிகளுக்குச் சவர்க்காரத் தண்ணீரில் சோறு போட்டிருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தபடியால் அக்கா பயந்துபோனார்.

“அக்கா, நீங்கள் அண்டைக்கே சொன்னீங்கள். நான்தான் கேக்கேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன்.

“அதுக்கென்னங்க மிஸ். பைப்பைத் தொறக்கவா?”

“திறவுங்கோ. முழுக்கத் திறவுங்கோ.”

அந்தப் பின்னேரம் நாங்கள் இருவரும் கழுவிய கழுவலை அன்ரி கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பா. ஓடுகிற தண்ணீரில் ஐந்து தரம், கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு தரம். வடிகட்டும் தாளை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, விசிறிக்குக் கீழ் காயவைத்து, கீலம் கீலமாக வெட்டினேன். பழைய கிண்ணத்தின் ஏகாரில் ஒன்றை ஒட்டினால் சிவப்பு. புதிதாகக் கழுவியதில் ஒட்டினால் மஞ்சள். வேண்டுமென்றே ஐந்தாறு தரம் ஒட்டிப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷப் புளுகம் எனக்கு. புதிய ஊட்டம் காய்ச்சி வார்த்து, மருதானைக் கிருமியைக் கீறி, பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கிண்ணம் நிறைய வளர்ந்திருந்தது. நான் கீறிய கோட்டின் வழியே, ஒரு பிசகும் இல்லாமல், ரோசா நிறத்தில். அக்காவும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் குதித்தோம். இந்தத் தரம் அவராகவே சொன்னார், “வடிவாத்தான் இருக்கு மிஸ்.”

அறை எனக்கு. திங்கட்கிழமை இந்தக் கிண்ணத்தை டொக்டரின் மேசையில் வைத்தால் போதும். தூள் பழுதாகிவிட்டது, புது டின் திறந்தேன் என்று ஒரு பொய். யாருக்கும் தெரியப் போவதில்லை. அக்காவும் சொல்லமாட்டார். அந்த எண்ணத்தோடு அறிக்கைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். என் அழகான கையெழுத்தில் ‘வளர்ச்சி இல்லை’, ‘வளர்ச்சி இல்லை’, ‘வளர்ச்சி இல்லை’ என்று பக்கம் பக்கமாகக் கிடந்தது. எண்ணினேன். இருபத்துமூன்று பேர். சிவந்த கீலம் ஒன்றை எடுத்து அந்தப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

டொக்டர் சனிக்கிழமைதான் வந்தா. கிண்ணத்தையும் சிவந்த கீலத்தையும் அறிக்கைப் புத்தகத்தையும் ஒன்றாக மேசையில் வைத்து, பேசின் கதையை முழுதாகச் சொன்னேன். அவ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. திரும்பப் போட்டா.

“நீர் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“ஓம், டொக்டர்.”

“இருபத்துமூண்டு பேருக்கும் இண்டைக்கே அறிவியும். திங்கக்கிழமை புதுப் போத்தலோட வரச் சொல்லும். பிழை எங்களுடையது எண்டு சொல்லும். மற்றதைத் திங்கக்கிழமை கதைப்பம்” என்றா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நாள் முழுக்கக் கவுண்டரில் இருந்து தொலைபேசியைச் சுழற்றினேன். போன் இல்லாதவர்களின் வீடுகளுக்கு அக்கா குடையோடு நடந்து போனார். ஒருவர் “கிருமி இல்லையெண்டு நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள், இப்ப இருக்கெண்டுறியளோ?” என்று கேட்டார். “இருக்கோ இல்லையோ தெரியாது ஐயா, நான் கிண்ணத்தைச் சரியாக் கழுவேல்லை” என்றேன். புதுக்கடையில் ஓர் அப்புக்காத்தரிடம் வழக்கு எழுதுகிற வேலை செய்த கிளாக்கர், நான் சொன்னதை எழுத்தில் தரும்படி கேட்டார். எழுதி, கையெழுத்தும் வைத்து, அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். ஒரு வயதான அம்மா மட்டும், “பாவம் பிள்ளை, நீ அழாத, நான் வாறன்” என்றா. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

திங்கட்கிழமை நான் வரும்போதே மரப்படி நிறைய ஆட்கள். கடுதாசியில் சுற்றிய போத்தல்கள், கைக்குட்டைக்குள் ஒளித்த போத்தல்கள். இருபத்துமூன்றில் பத்தொன்பது பேர். நான் கவுண்டரில் உட்கார்ந்து லேபல் ஒட்டத் தொடங்கினேன். இனி எனக்கு இதுதான் இடம் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஒட்டினேன். டொக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேலே வந்தா.

“இதில இருந்து என்ன செய்யிறீர்?”

“லேபல் ஒட்டுறன், டொக்டர்.”

“எழும்பும். லேபல் நான் ஒட்டுறன். இவ்வளவு போத்தலையும் ஆர் கிண்ணத்தில போடுறது? எக்ஸ்ரேக்காரரோ? உள்ள போம்.”

அவ என் கதிரையில் உட்கார்ந்து பசையைக் கையில் எடுத்தா. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. அக்கா முதலே கிண்ணங்களை அடுக்கி வைத்துவிட்டு, வாசலில் நின்று சிரித்தார்.

அடுத்த நாள் காலையில் அடைகாப்புப் பெட்டியின் கதவைத் திறந்தேன். நாற்றம் முகத்தில் அடித்தது. மலக்குழியைத் திறந்தது போன்ற நாற்றம். அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னா நாத்தம் மிஸ்!” என்று வெளியே ஓடினார். நான் நின்ற இடத்தில் நின்று, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, சந்தோஷம் தாங்காமல் கிண்ணங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன். பதினொரு கிண்ணங்களில் வளர்ந்திருந்தது. பதினொரு பேருக்கு நான் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலாவது ஆளின் அறிக்கையைத் திரும்ப எழுதினேன்.